பழைய போஸ்ட் பிராசஸரைத் தூக்கி எறியாமல் சரிசெய்வது எப்படி?

கேள்வியின் சாரம் இது: ஒரு மூன்று அச்சு மில்லிங் சென்டர், ஒரு சிஎன்சி லேத், இரண்டிலும் பழைய ஃபேனுக் கன்ட்ரோலர். வெட்டும் பாதையைக் கணினியில் உருவாக்கும் கேம் மென்பொருளைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றியதிலிருந்து, அந்தப் பாதையை மெஷினுக்குப் புரியும் ஜி-கோடாக மாற்றித் தரும் போஸ்ட் பிராசஸர் (சுருக்கமாகப் போஸ்ட்) தடுமாறுகிறது. அதை எழுதிக் கொடுத்தவரும் இப்போது இல்லை. இருப்பதைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா? திருத்துவதென்றால் எங்கே கை வைப்பது?

திருத்துங்கள். பழைய போஸ்டில் ஏன் என்றே புரியாத வரிகள் நிறைய இருக்கும். அவற்றில் பல, அந்த மெஷினின் குணத்துக்காக யாரோ பட்டறிந்து சேர்த்தவை. ஸ்பிண்டில் வேகம் எட்டும்வரை ஒரு காத்திருப்பு, டூல் மாற்றும் முன் தேவையே இல்லாததுபோல் தெரியும் ஒரு எம்-கோட் (ஸ்பிண்டில், கூலன்ட் போன்றவற்றை இயக்கும் கட்டளை), இசட் மேலே போன பிறகுதான் கூலன்ட் நிற்க வேண்டும் என்ற வரிசை. புதிதாக எழுதினால் அந்த அறிவை டூல் உடைத்துத்தான் திரும்பச் சம்பாதிக்க வேண்டியிருக்கும். கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டு உள்ளே பார்க்கவே முடியாமல் இருந்தாலோ, மூன்று அச்சிலிருந்து ஐந்து அச்சுக்குப் போவதாக இருந்தாலோ மட்டும் புதிய அடித்தளம் தேவை. அப்போதும் வெற்றுத் தாளிலிருந்து ஆரம்பிக்காமல் மென்பொருளோடு வரும் பொதுவான ஃபேனுக் போஸ்டை எடுத்துக்கொண்டு, பழைய வெளியீட்டைப் பார்த்து அதை வளைக்க வேண்டும்.

முதலில் எல்லாக் கோப்புகளும் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். போஸ்ட் பெரும்பாலும் ஒரே கோப்பு அல்ல. மாஸ்டர்கேம் என்ற கேம் மென்பொருளில் 9ஆம் வெர்ஷன் வரை பிஎஸ்டி என்ற போஸ்ட் கோப்பிலேயே ஏறக்குறைய எல்லாம் இருந்தது. எக்ஸ் தொடரிலிருந்து மெஷின் டெஃபினிஷன், கன்ட்ரோல் டெஃபினிஷன் என்று இரண்டு சேர்ந்துகொண்டன. பிஎஸ்டியில் ஒரு மதிப்பை மாற்றியும் வெளியீட்டில் எதுவும் மாறவில்லை என்றால், அந்த மதிப்பு கன்ட்ரோல் டெஃபினிஷனிலிருந்து வந்து மேலே எழுதிவிடுகிறது என்று பொருள். என்எக்ஸ் என்ற இன்னொரு கேம் மென்பொருளில், போஸ்ட் உருவாக்கும் கருவியான போஸ்ட் பில்டரில் செய்த போஸ்டுக்கு டிசிஎல், டெஃப், பியூஐ என மூன்று கோப்புகள், மூன்றும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். டிசிஎல் கோப்பை எடிட்டரில் திறந்து கையால் திருத்திவிட்டு, பிறகு அதே போஸ்டைப் போஸ்ட் பில்டரில் திறந்து சேமித்தால் கையால் செய்த திருத்தம் காணாமல் போகும். நிலைக்க வேண்டிய திருத்தத்தைக் கஸ்டம் கமாண்டாகப் போஸ்ட் பில்டருக்குள்ளேயே எழுதுங்கள். ஃப்யூஷன் மென்பொருளில் போஸ்டாக இருக்கும் சிபிஎஸ் கோப்பு வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான். ஆனால் அதே பெயரில் ஒரு பிரதி கிளவுடிலும் இன்னொன்று கணினியிலும் கிடக்கும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதில் போஸ்ட் செய்துகொண்டிருப்பார்கள். எந்த மென்பொருளானாலும், தலைப்புக் கமெண்டில் போஸ்டின் பெயரும் திருத்திய தேதியும் அச்சாகும்படி ஒரு வரி சேருங்கள். முதல் திருத்தம் அதுவாகவே இருக்கட்டும். எந்தப் பிரதி ஓடுகிறது என்ற சந்தேகம் அதோடு தீரும்.

கோப்புகளோடு மெஷின் கன்ட்ரோலரின் அமைப்பு மதிப்புகளான பாராமீட்டர்களின் பேக்கப்பையும், இப்போது மெஷினில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சில புரோகிராம்களையும் வெளியே எடுத்து வையுங்கள். அந்தப் புரோகிராம்கள் முக்கியம். கணினியில் இருக்கும் பிரதியும் மெஷினுக்குள் இருக்கும் பிரதியும் ஒன்றாக இருக்காது. ஆபரேட்டர் கன்ட்ரோலரிலேயே திருத்தியிருப்பார். அந்த இரண்டையும் ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாடுகள்தான் உங்கள் வேலைப் பட்டியல். ஒவ்வொரு புரோகிராமிலும் ஒரே இடத்தில் ஒரே திருத்தம் இருந்தால் அது போஸ்டின் குறை. ஏதோ ஒன்றில் மட்டும் இருந்தால் அது அந்த ஜாபுக்கான சரிக்கட்டல், போஸ்டில் ஏற்றக்கூடாது. ஆபரேட்டரிடம் “போஸ்டில் என்ன பிரச்சினை?” என்று கேட்டால் பதில் வராது. “புரோகிராம் வந்ததும் எந்த வரியை மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள், கடகடவென்று வரும்.

அடுத்து ஒரு சோதனைத் தொகுப்பு. மெஷின் செய்யும் எல்லா வகை வேலையும் அடங்கிய சிறிய மாதிரிகள் சில போதும்: ஒரு ஃபேசிங், உள்ளும் புறமும் ஒரு காண்டூர், ஒரு ஹெலிக்கல் இறக்கம், டிரில்லிங், பெக் டிரில்லிங், டேப்பிங் சைக்கிள்கள், குறைந்தது மூன்று டூல் மாற்றம், இரண்டு ஒர்க் ஆஃப்செட் (ஜாபின் பூஜ்யப் புள்ளி). லேத்துக்கு ரஃபிங், ஃபினிஷிங், க்ரூவிங், த்ரெட்டிங். பழைய மென்பொருள், பழைய போஸ்ட் சேர்ந்து தரும் வெளியீட்டை இப்போதே சேமித்துவிடுங்கள். பழைய கணினியை அழித்துவிட்டால் இது திரும்பக் கிடைக்காது. பிறகு புதிய வெர்ஷனில் அதே மாதிரிகளைப் போஸ்ட் செய்து, வின்மெர்ஜ் போன்ற ஏதாவது ஒப்பீட்டு மென்பொருளில் வரிக்கு வரி பாருங்கள். தேதி, நேரம், பிளாக் எண் (வரி எண்) ஆகியவற்றை முன்பே நீக்கிவிட்டால்தான் உண்மையான வேறுபாடு கண்ணில் படும். ஆனால் லேத்தில் ஜி71 (ரஃபிங்), ஜி70 (ஃபினிஷிங்) சைக்கிள்கள் பி, க்யூ வழியாகப் பிளாக் எண்களைச் சுட்டுகின்றன. ஒப்பீட்டுப் பிரதியில் மட்டும் நீக்குங்கள், மெஷினுக்குப் போகும் பிரதியில் கை வைக்காதீர்கள். போஸ்ட் கோப்புகளையும் இந்த வெளியீடுகளையும் ஒரே கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) களஞ்சியத்தில் வைத்தால், எந்தத் திருத்தம் எந்த வரியை மாற்றியது என்பது தானாகப் பதிவாகும்.

வேறுபாடு தெரிந்ததும் உடனே போஸ்டைத் திறக்க வேண்டாம். தவறு மூன்று இடங்களில் இருக்கலாம்: கேம் தரும் டூல் பாத், போஸ்ட், கன்ட்ரோலரின் பாராமீட்டர். முதல் இரண்டைப் பிரிக்க, போஸ்டுக்குள் என்ன நுழைகிறது என்று பார்க்க வேண்டும். ஃப்யூஷனில் டம்ப் என்ற போஸ்டை ஓட்டினால் ஒவ்வொரு அழைப்பும் அதன் மதிப்புகளோடு எழுத்தாக வரும். மாஸ்டர்கேமில் போஸ்ட் டீபக்கர் இருக்கிறது. என்எக்ஸ், கிரியோ போன்றவற்றில் போஸ்டுக்குள் நுழையும் டூல் பாதை பதிவான சிஎல் கோப்பைப் பார்க்கலாம். உள்ளே வரும்போதே எண் தவறு என்றால் போஸ்டில் ஒட்டுப் போடாதீர்கள். கேம் அமைப்பின் தவறைப் போஸ்டில் மறைத்து வைப்பதுதான் பல பழைய போஸ்டுகள் குப்பையாகப் போனதற்குக் காரணம்.

இனி, வெர்ஷன் மாற்றத்தில் வழக்கமாக உடையும் இடங்கள்.

தசமப் புள்ளி. ஃபேனுக்கில் எக்ஸ்100 என்று புள்ளி இல்லாமல் வந்தால், 0.001 மி.மீ. நுண்மையில் இயங்கும் மெஷின் அதை 0.1 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். எக்ஸ்100. என்று புள்ளியோடு வந்தால்தான் 100 மி.மீ. இந்தப் பழக்கத்தை மாற்றும் பாராமீட்டர் 16, 18, 21, 0ஐ தொடர்களில் 3401இன் 0ஆம் பிட். இன்னும் பழைய கன்ட்ரோலர்களில் எண் வேறு, அந்த மெஷினின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். பாராமீட்டரை நம்பாமல், நீள அளவு தரும் எல்லா முகவரிக்கும் (எக்ஸ், இசட் போன்ற எழுத்துகளுக்கும்) போஸ்ட் புள்ளி போடும்படி ஃபார்மட்டைக் கட்டாயப்படுத்துங்கள். டுவெல்லின் (காத்திருப்பின்) பி, ஸ்பிண்டிலின் எஸ் போன்றவற்றில் புள்ளி வரக்கூடாது. ஜி4 பி1000 என்பது ஒரு நொடி. பி-க்குத் தசமப் புள்ளி செல்லாது. இன்ச்சில் வேலை செய்வதாக இருந்தால் நான்கு தசம இடம் வேண்டும். மெட்ரிக்குக்காக எழுதிய மூன்று இட ஃபார்மட் இன்ச்சுக்கும் ஓடினால், ஒவ்வொரு புள்ளியிலும் 0.0127 மி.மீ. வரை பிசகும். அந்தப் பிசகு ஆர்க்கில் (வட்ட வில் நகர்வில்) அலாரமாக வெளிப்படும்.

ஆர்க்குகளில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகவே கொஞ்சம் விரிவாக. மையத்தை ஐ, ஜே கொண்டு சொல்வதா, ஆரத்தை ஆர் கொண்டு சொல்வதா என்பது முதல் முடிவு. ஆர் பார்க்க எளிது. ஆனால் 180 பாகைக்கு மேல் போனால் அதை எதிர்மறையாக எழுத வேண்டும், முழு வட்டத்தை எழுதவே முடியாது. சரியாக அரைவட்டம் வரும்போது, வட்டமாக்கிய புள்ளிகளின் இடைவெளி விட்டத்தைவிட ஒரு மைக்ரான் கூடிப்போனால் அப்படி ஒரு ஆர்க்கே இருக்க முடியாது. கன்ட்ரோலர் ஏற்குமானால் ஐ, ஜே பயன்படுத்துங்கள். ஃபேனுக்கில் ஐ, ஜே என்பவை ஆர்க்கின் தொடக்கப் புள்ளியிலிருந்து மையத்துக்கு உள்ள தூரம். ஜி90 (பூஜ்யப் புள்ளியிலிருந்து அளக்கும்) நிலையிலும் அப்படியே. வேறு சில கன்ட்ரோலர்களில் மையத்தின் நேரடி ஆயத்தொலை என்று அமைக்க முடியும். புதிய வெர்ஷனுக்கு மாற்றும்போது இந்த ஒரு அமைப்பு நழுவினாலே முதல் ஆர்க்கில் 20ஆம் அலாரம் வரும்: தொடக்க ஆரமும் முடிவு ஆரமும் அனுமதித்த அளவுக்கு மேல் வேறுபடுகின்றன. அந்த அனுமதி மேலே சொன்ன தொடர்களில் 3410ஆம் பாராமீட்டர். அலாரம் வருகிறதே என்று அதைக் கூட்டிவைப்பவர்கள் உண்டு. கூட்டினால் மெஷின் ஓடும், ஆனால் தவறான ஆர்க் ஜாபில் விழும்.

இதைவிட ஆபத்தானது அலாரமே தராத தவறு. புதிய கேம் வெர்ஷன்களில் வேக மில்லிங் பாதைகள் மிகச் சிறிய ஆர்க்குகளை உருவாக்கும். 0.0004 மி.மீ. நீளமுள்ள ஒரு ஆர்க்கின் இரு முனைகளும் மூன்று தசமத்துக்கு வட்டமாக்கியபின் ஒரே புள்ளியாகிவிடலாம். ஐ, ஜே இருக்கிறது, தொடக்கமும் முடிவும் ஒன்று. கன்ட்ரோலர் அதை முழு வட்டம் என்றே படிக்கும். ஆரம் 50 மி.மீ. என்றால் 100 மி.மீ. விட்டத்தில் ஒரு சுற்று, ஜாபையும் கிளாம்ப்பையும் சேர்த்து. கேமின் திரையில் வெரிஃபை (உருவகச் சோதனை) செய்தபோது இது தெரியாது, ஏனென்றால் அது வட்டமாக்கும் முன் உள்ள பாதையைக் காட்டுகிறது. போஸ்டில் குறைந்தபட்ச ஆர்க் நீளம், குறைந்தபட்ச ஆரம் ஆகியவற்றுக்கு மதிப்பு கொடுத்து, அதற்குக் கீழே வந்தால் நேர்கோடாக எழுதச் சொல்லுங்கள். ஃப்யூஷன் போஸ்டுகளில் இவற்றுக்குத் தனி மாறிகள் கோப்பின் தொடக்கத்திலேயே இருக்கும். மாஸ்டர்கேமில் கன்ட்ரோல் டெஃபினிஷனின் ஆர்க் பக்கம். 0.01 மி.மீ. என்பது தொடங்க நல்ல அளவு. கையால் எழுதிய போஸ்ட் என்றால், வட்டமாக்கிய பிறகு இரு முனைகளையும் ஒப்பிட்டு, கேம் முழு வட்டம் என்று சொல்லாதபோது அவை சமமாக இருந்தால் நேர்கோட்டுக்குத் திருப்பும் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்.

ஜி28 அடுத்த கண்ணி. ஜி91 என்பது நின்ற இடத்திலிருந்து அளக்கும் நிலை, ஜி28 என்பது ஹோமுக்கு, அதாவது மெஷினின் நிலையான தொடக்க இடத்துக்கு, அனுப்பும் கட்டளை. ஆகவே ஜி91 ஜி28 இசட்0. என்பது நின்ற இடத்திலிருந்து நேராக ஹோமுக்குப் போவது. இதே வரி ஜி91 விடுபட்டு ஜி90 நிலையில் ஓடினால், முதலில் ஒர்க் இசட் பூஜ்யத்துக்கு ரேப்பிடில் (வெட்டாத வேக நகர்வில்) இறங்கி, அங்கிருந்து ஹோமுக்குப் போகும். போஸ்டில் ஜி90, ஜி91 இரண்டும் மோடல் (ஒருமுறை எழுதினால் மாற்றும்வரை நிலைப்பவை) என்பதால், “ஏற்கனவே எழுதியாகிவிட்டது” என்று நினைத்து அது ஜி91ஐ விட்டுவிடுகிற தருணம் ஒன்று எப்போதாவது வரும். இந்த வரியில் மட்டும் மோடல் சரிபார்ப்பைத் தாண்டி, ஜி91ஐயும் அடுத்த வரியில் ஜி90ஐயும் எப்போதும் எழுதச் செய்யுங்கள். மெஷினின் சொந்த ஆயத்தொலையில் நகர்த்தும் ஜி53 இசட்0. பயன்படுத்துவதும் நல்லதே. ஆனால் ஃபேனுக்கில் ஜி91 நிலையில் ஜி53 புறக்கணிக்கப்படும் என்பதால் அங்கே ஜி90 கட்டாயம்.

ரேப்பிடைப் பற்றி ஒரு வரி: பழைய மெஷின்களில் ஜி0 நேர்கோட்டில் போகாது. ஒவ்வொரு அச்சும் தன் முழு வேகத்தில் ஓடி, குறுகிய தூர அச்சு முதலில் நின்றுவிடும். எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் ஒரே ஜி0 வரியில் எழுதும் போஸ்ட் கிளாம்ப்பைத் தட்டும். இறங்கும்போது முதலில் எக்ஸ்-ஒய், பிறகு இசட். ஏறும்போது முதலில் இசட் என்று பிரித்து எழுத வேண்டும்.

டூல் மாற்றத்தில் மோடல் இன்னொரு விதத்தில் சதி செய்யும். முந்தைய டூல் முடிந்த எக்ஸ் மதிப்பும் அடுத்த டூல் தொடங்கும் எக்ஸ் மதிப்பும் தற்செயலாக ஒன்றாக இருந்தால், போஸ்ட் எக்ஸை எழுதாது. முழுப் புரோகிராமும் ஓடும்போது இது சரிதான். ஆபரேட்டர் அந்த டூலிலிருந்து மறுதொடக்கம் செய்தால் எக்ஸ் எங்கே நிற்கிறதோ அங்கேயே இறங்கும். அதனால் ஒவ்வொரு டூல் தொடக்கத்திலும் எல்லா அச்சு மதிப்பையும், ஃபீட், ஸ்பிண்டில், கூலன்ட், ஒர்க் ஆஃப்செட், ஜி43 (டூல் நீளத்தைச் சேர்க்கும் கட்டளை) ஆகியவற்றையும் மறந்துவிட்டு மீண்டும் எழுத வைக்க வேண்டும். சோதனை எளிது: வெளியீட்டில் ஒவ்வொரு டூல் பகுதியையும் தனியே வெட்டி எடுத்துப் படியுங்கள். முந்தைய பகுதி தெரியாமலே அது முழுமையாக நிற்க வேண்டும். ஜி43இன் எச் எண் (நீள ஆஃப்செட் எண்) டூல் எண்ணோடு பொருந்துகிறதா என்றும் அப்போதே பாருங்கள். புதிய வெர்ஷனின் டூல் லைப்ரரியில் நீள ஆஃப்செட் எண் தனிப் புலமாக இருக்கும்; அது பழைய டூலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

டேப்பிங்கில் ஃபீடும் ஸ்பிண்டிலும் பொருந்தியே ஆக வேண்டும். எம்8 மரை, 1.25 பிட்ச், நிமிடத்துக்கு 500 சுற்று என்றால் ஜி94இல் (நிமிட ஃபீட்) எஃப்625., ஜி95இல் (சுற்று ஃபீட்) எஃப்1.25. போஸ்ட் ஒரு ஃபீட் முறைக்கான ஜி-கோடையும் மற்றதற்கான எண்ணையும் எழுதினால் டேப் உடையும், அல்லது அலாரம் வரும். ஃபீடை முழு எண்ணாக வட்டமாக்கும் பழைய ஃபார்மட்டும் தொல்லை. எம்4, 0.7 பிட்ச், 125 சுற்றுக்கு 87.5 வர வேண்டியது 88 ஆனால், 10 மி.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 0.057 மி.மீ. பிசகு. ஸ்பிண்டிலும் ஃபீடும் பூட்டி ஓடும் ரிஜிட் டேப்பிங்கில் அந்த இழுவை முழுவதும் டேப்பின் மேல்தான். ரிஜிட் டேப்பிங்கைத் தொடங்கும் எம்29 எஸ்500 எழுதிய பின், டேப்பிங் சைக்கிளான ஜி84 வரும்வரை இடையில் வேறு எஸ் கட்டளையோ அச்சு நகர்வோ வரக்கூடாது. சைக்கிள் முடிந்ததும் அதை ரத்துசெய்யும் ஜி80 வருகிறதா என்பதையும் பாருங்கள்.

லேத்தில் முதல் கேள்வி: கன்ட்ரோலர் எந்த ஜி-கோட் முறையில் இருக்கிறது? ஏ முறையில் வேக உச்சவரம்பு ஜி50, நிமிட ஃபீடும் சுற்று ஃபீடும் ஜி98, ஜி99. பி முறையில் அவை ஜி92, ஜி94, ஜி95. ஏ முறையில் ஜி92 என்பது த்ரெட்டிங் சைக்கிள். மில்லிங் போஸ்டிலிருந்து நகலெடுத்துச் செய்த லேத் போஸ்டில் இந்தக் குழப்பம் எதிர்பார்க்க வேண்டியதே. உச்சவரம்பு எப்போதும், வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96க்கு முன்னால் வர வேண்டும். நிமிடத்துக்கு 180 மீட்டர் வேகத்தில் ஃபேசிங் செய்து மையத்தை நெருங்கினால், 10 மி.மீ. விட்டத்திலேயே கணக்கு 5730 சுற்றைத் தொடும். பெரிய சக்கில் பிடித்த ஜாபுக்கு அது உயிராபத்து. த்ரெட்டிங்குக்கான ஜி76 ஒரு வரியா இரண்டு வரியா என்பதும் கன்ட்ரோலரைப் பொறுத்தது. பழைய 10, 11 தொடர் வடிவத்தை ஏற்கும்படி 0001ஆம் பாராமீட்டரின் 1ஆம் பிட் அமைந்திருந்தால் ஒரு வரி, இல்லையேல் இரண்டு வரி. போஸ்டை மாற்றும் முன் அந்தப் பிட்டைப் பாருங்கள்.

எழுத்துச் சிக்கல்கள் சிறியவை, ஆனால் நேரத்தைத் தின்பவை. புதிய கேமில் டூல் பெயரில் விட்டக் குறியீடு, பாகைக் குறியீடு, அடைப்புக்குள் அடைப்பு எல்லாம் இருக்கும். கமெண்டின் உள்ளே இன்னொரு மூடும் அடைப்பு வந்தால் கமெண்ட் அங்கேயே முடிந்து, மீதி எழுத்துகளைக் கட்டளையாகப் படிக்க முயன்று மெஷின் நிற்கும். பெரிய ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, புள்ளி, கோடு தவிர மற்றதைக் கமெண்டிலிருந்து நீக்கும் ஒரு வடிகட்டி போஸ்டில் இருக்கட்டும். புரோகிராம் எண் பழைய கன்ட்ரோலர்களில் நான்கு இலக்கம்தான். நினைவகத்தைக் காகித டேப் நீளத்தில் சொல்லும் மெஷின்களில் 80 மீட்டர் என்பது சுமார் 32 கிலோபைட், காரணம் காகித டேப்பில் அங்குலத்துக்குப் பத்து எழுத்துகள். அங்கே, ஜி71 போன்ற சைக்கிள்கள் சுட்டுபவை தவிர மற்றப் பிளாக் எண்களையும் இடைவெளியையும் நிறுத்திவிட்டால் கணிசமான இடம் மிஞ்சும். டூல் மாற்றத்தில் பிளாக் எண் போட்டால் தேடுவதற்கும் உதவும்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, முழுத் தொகுப்பையும் மீண்டும் போஸ்ட் செய்து ஒப்பிடுங்கள். எதிர்பார்த்த வரிகள் மட்டும் மாறியிருந்தால் அடுத்ததற்குப் போகலாம். எதிர்பாராத ஒரு வரி மாறியிருந்தாலும் நிறுத்திக் காரணம் தேடுங்கள். பழைய வரியை அழிக்காமல் கமெண்டாக வைக்கும் பழக்கம் வேண்டாம். நான்கு தலைமுறைக் கமெண்டுகளுக்கு நடுவே எது உயிரோடு இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். அதற்குத்தான் கிட் இருக்கிறது.

மெஷினில் ஏற்றும் முன், கேமின் வெரிஃபையை நம்பாமல் ஜி-கோடையே படித்து வரையும் ஒரு பேக்பிளாட்டில் பாருங்கள். பிறகு மெஷினில் ஒர்க் ஆஃப்செட்டின் இசட்டை, மிக ஆழமான வெட்டைவிட 50 மி.மீ. அதிகமாக உயர்த்தி, ஜாப் இல்லாமல், சிங்கிள் பிளாக்கில், ரேப்பிட் ஓவர்ரைடை மிகக் குறைந்த நிலையில் வைத்து ஓட்டுங்கள். திரையில் மீதித் தூரம் காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்து, ஒவ்வொரு டூலின் முதல் இசட் இறக்கத்திலும் ஃபீட் ஹோல்டில் நிறுத்தி அந்த எண்ணையும் கண்ணால் தெரியும் தூரத்தையும் ஒப்பிடுங்கள். டேப்பிங்கும் த்ரெட்டிங்கும் காற்றில் எதையும் நிரூபிக்காது, அவற்றை மெழுகிலோ அலுமினியத்திலோ வெட்டிப் பார்க்க வேண்டும். நடு டூல் ஒன்றிலிருந்து மறுதொடக்கம் செய்வதையும் இந்தக் கட்டத்திலேயே சோதித்துவிடுங்கள். இவ்வளவும் தேறிய பிறகும், வழக்கமான ஜாப்கள் எல்லாம் புதிய போஸ்டில் ஒரு சுற்று ஓடி முடியும்வரை பழைய கணினியையும் அதன் லைசென்ஸையும் கழற்ற வேண்டாம்.